தவறணையல்ல, பாரம்பரியம்

குடிக்கிறவர் உண்டு, குடியாதவர் உண்டு, குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்பவர் உண்டு. இந்த மூன்று வகையையும் நீங்கள் அறிவீர்கள். மூன்றும் நம்மோடு விமானமேறி வந்தவை. நாலாவது வகை ஜேர்மனிக்கு வந்த பிறகு இங்கேயே முளைத்தது. அதற்கு வைன் தெரிந்தவர் என்று பெயர். தெரிந்தவர் என்றால் குடிப்பவர் என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் அவர் அதைப் பார்ப்பார், பிறகு மணப்பார், பிறகு அதைப் பற்றிக் கதைப்பார், கதைத்து முடிவதற்குள் உங்களுக்குத் தாகமெடுத்து, நீங்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கேட்கலாம்.

அவரைக் காண வேண்டுமா? டுசல்டோர்ஃபில் ஏதாவது ஒரு பிள்ளையின் முதல்நன்மைக் கொண்டாட்டத்துக்கு, அதாவது கோவிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் விழாவுக்குப் போங்கள். மண்டபத்தின் பின்புறத்தில், சமையற்கட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, ஆண்கள் கூடி நிற்கிற மேசை ஒன்று இருக்கும். அதில் விஸ்கி இருக்கும், கோலா இருக்கும், ஈரல் வறுவல் இருக்கும். அதிலிருந்து ஓரடி விலகி, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியருக்குக் காத்திருக்கும் தகப்பனைப் போல, ஒரு போத்தலை நெஞ்சோடு அணைத்தபடி ஒருவர் நிற்பார். அவர்தான். கிளாஸைத் தண்டில் பிடிப்பார்; ரியூப் லைட்டுக்கு நேரே உயர்த்திச் சரிப்பார்; மூக்கை உள்ளே விட்டு, நாம் எண்ணத் தொடங்குமளவுக்கு வெளியே எடுக்காமல் இருப்பார். “உடம்பு இருக்கு” என்பார். “இன்னும் திறக்கேல்லை” என்பார். போத்தல் திறந்து அரைமணி நேரமாகியிருக்கும். “மூச்சு விடட்டும்” என்று மேசையில் வைத்துவிட்டு, அது மூச்சு விடுகிற அழகைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். கேக் வெட்டுகிறார்கள் என்று யாரோ கூப்பிட, அவர் சற்றே திரும்பிய நேரத்தில், ஒரு நல்ல மனிதர் அந்த வைனைக் கோலாவில் கலந்து குடித்துவிட்டு “இனிப்புக் காணாது” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அன்று இரவு வைன் தெரிந்தவருக்கு உறக்கம் வராது.

இந்த இனத்தை இவ்வளவு நெருங்கி நான் எப்படி அறிந்தேன் என்று கேட்கலாம். அதில் ஒருவருக்குத் தினமும் காலையில் சவரம் செய்துவிடுவது நான்தான்.

வைன் தெரிந்தவர் பிறப்பதில்லை; கழுவிக் கழுவி உருவாகிறார். அகதியாக வந்த முதல் வருடங்களில் நான் நொய்ஸ் நகரத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன். மேசைகளிலிருந்து திரும்பி வருகிற கிளாஸ்களின் அடியில் ஒரு விரல் அளவு சிவப்பு மிஞ்சியிருக்கும். பரிமாறுகிறவர் அதன் பெயரைச் சொல்லிவிட்டு வைப்பார். நான் அந்தப் பெயர்களை அர்ச்சிஷ்டவர்களின் மன்றாட்டுமாலை போல மனனம் செய்தேன். பிறகு வேலை மாறியது, விசா மாறியது, மயிர் உதிர்ந்தது. பெயர்கள் மட்டும் நின்றன. அதன் மேல் ஒரு மாலை வகுப்பு. வாரமொரு நாள், இரண்டு மாதம். நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நான் போகாத நாட்களில்தான் வெள்ளை வைனைப் படிப்பித்தார்களாம். அதனால் இன்றுவரை யாராவது வெள்ளை வைனைப் பற்றிக் கேட்டால் இலேசாகச் சிரித்து, “அது வேற கதை” என்று சொல்லிவிடுவேன். கேட்டவருக்கு மரியாதை இரட்டிப்பாகும்.

ஒரு இரகசியம். வைன் தெரிந்தவருக்கு வைன் பிடிக்காது. புளிக்கிறது, ஐயா. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியதும் அவர் கேட்பது பால் தேத்தண்ணி, சீனி தாராளமாக. பிடிக்காத ஒன்றைப் பற்றித்தான் மனிதனால் இவ்வளவு நடுநிலையோடு பேச முடியும்.

இந்த அறிவினால் உலகத்துக்கு ஏதும் பயன் உண்டா என்று என் மனைவி அவ்வப்போது கேட்பாள். 2005ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அதற்கு விடை சொல்லும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது.

என் மூத்த சகோதரி பிளோறன்ஸ் அக்காவுக்கு ஒரே மகள், அஞ்சலா. ஜேர்மனியின் பழைய தலைநகரான பொன் நகரத்தில் பிசியோதெறப்பி வேலை. முதுகு பிடித்துக்கொண்டது என்று வந்த ஒரு பொடியனின் முதுகைச் சரிசெய்யப் போனவள், கடைசியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் கிறிஸ்ரியன் என்றதும் மன்னார்ப் பக்கத்துப் பொடியன் என்று எண்ணி அக்கா ஒரு கிழமை நிம்மதியாக இருந்தார். பிறகுதான் படம் வந்தது. மஞ்சள் தலை. சரி, வெள்ளைக்காரன் என்றாலும் கத்தோலிக்கன் என்று மனதைத் தேற்றிக்கொண்டபோது அடுத்த செய்தி வந்தது: ஆர் நதிப் பள்ளத்தாக்கில் மலைச்சரிவில் திராட்சை வளர்த்து, சிவப்பு வைன் செய்கிற குடும்பம்.

இங்கேதான் அக்காவின் கணவர், என் அத்தான் சில்வெஸ்டர் குறுக்கே விழுந்தார். அத்தான் குடியாதவர் வகை. அதிலும் தீவிரப் பிரிவு. பூசையில் குருவானவர் பாத்திரத்தை உயர்த்தும்போதுகூட ஒரு கண்ணில் சந்தேகத்தோடு பார்ப்பவர். ஆனால் அவரைத் தடுத்தது குடி மட்டுமல்ல.

“கள்ளுத் தவறணைக்காரன் வீட்டிலயோ என்ர பெட்டையைக் குடுக்கிறது?” என்றார்.

ஊரில் தவறணை என்றால் கள் விற்கிற கொட்டில். அங்கே குடிக்கப் போகிறவர்களுக்கு அதில் குறைவில்லை. விற்கிறவன் வீட்டில் கைநனைப்பதுதான் குறைவு. இந்த அத்தான், வந்த புதிதில், ஊருக்கு ஒருவராக, சாதிக்கு ஒருவராக ஆறு பேரோடு அகதி முகாமின் ஒரே அறையில் மூன்று வருடம் படுத்து, ஒரே சட்டியில் கரண்டி விட்டுச் சாப்பிட்டவர். அந்தச் சட்டியில் கரையாமல் இந்த ஒன்று மட்டும் எப்படித் தப்பியது என்பது விஞ்ஞானிகள் ஆராய வேண்டிய விஷயம்.

அஞ்சலா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அழவில்லை; அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மாமா, அப்பா ஓமெண்டால் கலியாணம். இல்லையெண்டால் இல்லை. அவரை விட்டிட்டு நான் செய்யமாட்டன், அது அவருக்கும் தெரியும். உங்களுக்குத்தானே வைனெல்லாம் தெரியும்? அது மரியாதையான தொழில் எண்டு அவருக்கு விளங்கப்படுத்துங்கோ.”

ஒரு பெண்ணின் வாழ்க்கை என் மூக்கின் நுனியில் வந்து நின்றது. வைன் தெரிந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் ஆயத்தம் செய்தேன். நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். சம்பந்தம் பேசப் போகும் ஞாயிற்றுக்கிழமை, டுசல்டோர்ஃபிலிருந்து ஆர் வரைக்கும், காரின் பின் இருக்கையில் பலகாரத் தட்டங்களுக்கு நடுவே ஒடுங்கி இருந்தபடி, முன்னால் இருந்த அத்தானின் பிடரிக்குப் பிரசங்கம் செய்தேன். ரோமர் வந்தது, துறவிகள் நட்டது, பகலில் வாங்கிய வெயிலைக் கரும்பாறை இரவெல்லாம் திராட்சைக்குத் திருப்பிக் கொடுப்பது, ஆடுகூட ஏறத் தயங்குகிற சரிவில் மனிதன் கல்லடுக்கி மண் சுமந்து கொடி வளர்த்தது, ஸ்பேற்புர்குண்டர் என்ற அந்தக் கறுத்தப் பழம் பிந்திப் பழுப்பது, பழுத்தாலும் வெட்கப்பட்டுக்கொண்டு பழுப்பது எல்லாவற்றையும் சொன்னேன்.

“அத்தான், இது தவறணையில்லை. இது பாரம்பரியம்.”

அத்தான் கியரை மாற்றினார். “எல்லாம் சரி ராசன். குடிச்சால் வெறிக்குமோ, வெறிக்காதோ?”

“வெறிக்கும். ஆனால்…”

“பனையில இருந்து இறங்கினால் என்ன, மலையில இருந்து இறங்கினால் என்ன?” என்றுவிட்டு, ரேடியோவைப் போட்டார்.

தமிழர் சரித்திரத்தில் முதல் தடவையாக, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்திப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைக்காரச் சம்பந்தம், பிந்தக் கூடாது என்ற பயம். பள்ளத்தாக்கின் இரு புறமும் மலை, மஞ்சளும் சிவப்புமாகப் படி படியாக ஏறியது. கிறிஸ்ரியன் வீட்டுப் பெரிய வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. வாசலுக்கு மேலே, கம்பொன்றில், பச்சை இலைக்கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், நாடாவும் கட்டியிருந்தது. உள்ளே முற்றத்தில் நீள மேசைகள். மேசைகள் நிறையச் சனம்.

அத்தான் காரை நிறுத்திவிட்டு அந்தக் கொத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அதென்ன?”

எனக்குத் தெரியாது. ஆனால் வைன் தெரிந்தவரின் வாயில் இருந்து அந்த இரண்டு சொற்களும் வெளியே வராது. அவற்றுக்கு வழியே கிடையாது. “தோரணம்” என்றேன். “விசேஷத்துக்குக் கட்டுறது. எங்கட மாவிலை மாதிரி. சொன்னன்தானே, பாரம்பரியமான ஆக்கள்.”

“எங்களுக்கோ?”

“வேற ஆருக்கு? இனசனம் எல்லாத்தையும் கூப்பிட்டிருக்கினம், பாருங்கோ.”

அத்தானின் முகம் மாறியதை அன்றுதான் கண்டேன். மனிதர் நெகிழ்ந்துவிட்டார். ஒரு பெண்ணின் தகப்பனுக்காக வாசலில் தோரணம் கட்டி, சொந்தக்காரர் அத்தனை பேரையும் அழைத்து உட்கார்த்தி வைத்திருக்கும் வீடு! கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, கறுப்பு வெயிஸ்கோட்டைச் சரிசெய்துகொண்டு, பயற்றம் பணியாரத் தட்டத்தைத் தானே தூக்கினார். “நாங்கள் பெம்பிளை வீட்டுக்காரர். நாங்கள்தான் முதல் குடுக்கவேணும்” என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

முதல் மேசையில் மலையேறும் சப்பாத்துகளோடு ஒரு வயதான தம்பதி. இவர் குனிந்து வணங்கி, தட்டத்தை நீட்டி, நீங்கள் கிறிஸ்ரியனிடமா வந்தீர்கள் என்று ஜேர்மன் மொழியில் கேட்டார். வேறு யாரிடம், இருபது வருடமாக வருகிறோம், அவன் குழந்தையாக இருந்தபோதே தெரியும் என்று கிழவி சொல்லி, ஒரு பணியாரத்தைக் கடித்து, கண்ணை மூடி, இன்னொன்று எடுத்தாள். அத்தானுக்கு அது போதும். மேசை மேசையாகக் கைகொடுத்தார். புது வைன் ஏறிய சனம் எழுந்து நின்று அவரைக் கட்டியணைத்தது. “நல்ல பழக்கமான சனம்” என்று கடந்து போகும்போது எனக்கு ஒரு சொல் எறிந்தார்.

கறுப்பு வெயிஸ்கோட், கையில் தட்டம், குனிகிற பழக்கம். நீங்கள் அந்த மேசையில் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? ஒருவர் காலிக் கிளாஸை நீட்டி, இன்னும் இரண்டு சிவப்பு என்றார். அத்தான் திடுக்கிட்டார். ஒரு நொடி கை பின்வாங்கியது. ஆனால் கேட்பது மாப்பிள்ளை வீட்டு இனசனம். கேட்டதை இல்லை என்று சொல்லப் பெண் வீட்டாருக்கு ஏலாது. போனார். சமையற்கட்டு யன்னலுக்குள் நின்ற பெண்மணி, அன்றைக்கு உதவிக்கு வருவதாகச் சொன்ன ஆள் இவர்தான் என்று முடிவுசெய்து, தட்டத்தில் கிளாஸ்களை அடுக்கிவிட்டார்.

முதல் சுற்றில் அத்தான் அந்தத் தட்டத்தை, செத்த எலியை முற்றத்துக்குக் கொண்டுபோவது போல, முகத்தைத் திருப்பிக் கைநீட்டிக் கொண்டுபோனார். அடுத்த சுற்றில் முகம் திரும்பவில்லை. அதற்கும் அடுத்ததில் தட்டம் தோளுயரத்துக்கு ஏறியது. பிறகு, ஒரு துளி சிந்தியதற்காகத் தன்னைத் தானே வைதுகொள்வதைக் கேட்டேன். அக்கா பின்னாலேயே முறுக்குத் தட்டத்தோடு போய்க்கொண்டிருந்தார். சிவப்பு வைனுக்கு முறுக்குப் பொருந்தும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. முற்றம் ஏகமனதாகப் பொருந்துகிறது என்றது.

நானோ? என் துறையில் மூழ்கியிருந்தேன். ஒரு மேசையில் இடம் கிடைத்தது. கலங்கலாய், மங்கிய சிவப்பாய், நுரைத்துக்கொண்டிருந்த ஒன்றை முன்னால் வைத்தார்கள். தூக்கினேன், சரித்தேன், மூக்கை விட்டேன். பக்கத்தில் இருந்த கொலோன் நகரத்து ஓய்வுபெற்ற தபால்காரரிடம், வருத்தத்தோடு, இது வயதைக் கடந்துவிட்ட வைன், பத்து வருடமாவது இருக்கும், முன்பே குடித்திருக்க வேண்டும் என்றேன். அவர் மிகவும் பண்போடு, இது போன செவ்வாய்க்கிழமை பிழிந்தது, இன்னும் வைனாகவே ஆகவில்லை என்றார். நான் யோசித்தேன். “அதைத்தான் சொல்கிறேன்” என்றேன்.

அப்போது மலையிலிருந்து அவர்கள் இறங்கி வந்தார்கள். கிறிஸ்ரியன், அவனுடைய தகப்பன் ஹைன்ஸ், அவர்களோடு காலையிலிருந்து பழம் வெட்டப் போயிருந்த எங்கள் அஞ்சலா. மூவர் கையும் கருநீலம். நான் முந்திக்கொண்டு ஹைன்ஸின் கையைப் பற்றி, ஆயத்தம் செய்துவைத்த வசனத்தைச் சொன்னேன்: இந்த மலையின் மகத்தான பாரம்பரியத்துக்குத் தலைவணங்குகிறேன்.

ஹைன்ஸ் காலணிச் சேற்றைத் தட்டிக்கொண்டே, எந்தப் பாரம்பரியம் என்று கேட்டார். பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் இந்த மலை சோறு போடவில்லை. ஊரில் பாதிப்பேர் அமெரிக்காவுக்கு ஓடினார்கள். எங்கள் கிழவரும் பெட்டி கட்டியவர்தான். துறைமுகத்துக்குப் பிந்திப் போனார், கப்பல் போய்விட்டது. திரும்பி வந்து, வேறு வழியில்லாமல் மறுபடி மலையேறினார். தப்ப முடியாதவர்கள் நாங்கள், என்றார். என் புத்தகத்தில் இந்தக் கப்பல் இருக்கவில்லை. கப்பலைத் தவறவிட்டவரின் வம்சத்து அந்தக் கையை, விமானத்தைப் பிடித்துவிட்ட நான் இன்னொரு தடவை குலுக்கினேன்.

அஞ்சலாதான் முதலில் கண்டாள்.

“மாமா. அப்பா என்ன செய்யிறார்?”

முற்றத்தின் நடுவே அத்தான், இரு கையிலும் கிளாஸ்கள் நிறைந்த தட்டத்தோடு, கூட்டத்துக்குள் சாய்ந்து வளைந்து வந்துகொண்டிருந்தார். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வந்து, ஹைன்ஸுக்குத் தலைசாய்த்து, உங்களுடைய உறவினர் எல்லோரும் மிகவும் நல்லவர்கள், தோரணத்துக்கும் நன்றி என்று ஜேர்மன் மொழியில் சொன்னார்.

ஹைன்ஸுக்கு விளங்கவில்லை. கிறிஸ்ரியனுக்கு விளங்கிவிட்டது, பாவம், பொய் சொல்லத் தெரியாத பொடியன். காதுமடல் சிவக்க, மெல்ல விளக்கினான். அந்த இலைக்கொத்து அடையாளம். வீட்டில் செய்த வைனை வீட்டு முற்றத்திலேயே வருடத்தில் சில கிழமை விற்கலாம். விற்கும் நாட்களில் கொத்தைக் கட்டுவோம். உங்களை எதிர்பார்த்தது பின்வாசலில், இன்னும் சற்று நேரத்தில். இவர்கள் எங்கள் உறவினர் அல்லர். குடிக்க வந்தவர்கள்.

அத்தான் திரும்பி அந்த முற்றத்தைப் பார்த்தார். தான் கைகொடுத்த, கட்டியணைத்த, வைன் சுமந்து ஊற்றிக்கொடுத்த அத்தனை முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். மலை அழகாக இருந்தது.

“அப்ப, தவறணைதான்” என்றார்.

அஞ்சலா கருநீலக் கையைக் காற்சட்டையில் துடைத்தாள், கறை போகவில்லை. “ஓம் அப்பா” என்றாள். “தவறணைதான்.”

என்னுடைய ரோமர்களையும் துறவிகளையும் ஒரு சொல்லில் தள்ளிவிட்டாள். வாதாட வந்த வழக்கறிஞன் வாயைப் பிளந்து நிற்க, கட்சிக்காரியே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். காரில் திரும்பிப் போகும்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கினேன்.

அதற்குள் மூலை மேசையில் இருந்து ஒரு குரல், எங்களுடைய இரண்டும் எங்கே என்று கேட்டது. அத்தான் தட்டத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு கிளாஸ் சற்று விளிம்புக்கு வந்திருந்ததை நகர்த்தி வைத்தார்.

“நில்லுங்கோ பிள்ளை, குடுத்திட்டு வாறன்” என்றார். “சம்பந்தியின்ர தவறணைக்கு வந்த சனத்தைக் காக்க வைக்கக் கூடாது.”

சம்பந்தி. அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டு அக்கா முறுக்குத் தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். கிறிஸ்ரியனுக்கு அது விளங்கவில்லை. அஞ்சலா விளங்கப்படுத்தவும் இல்லை; அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். ஹைன்ஸ் மட்டும், தன் முற்றத்துக் கோணல் கல்லில் சிந்தாமல் நடக்கிற ஒருவரை இன்றுதான் பார்க்கிறேன், அவர் வைன் குடிப்பாரா என்று என்னிடம் கேட்டார். தொடமாட்டார் என்றேன். ஹைன்ஸுக்கு மிகுந்த திருப்தி. ஊற்றுகிறவன் அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

மறுவருடம் கலியாணம். அத்தான் இப்போதும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் போய் அந்த முற்றத்தில் தட்டம் தூக்குகிறார்; இன்னும் ஒரு துளி தொட்டதில்லை. அந்த மணவாழ்வுக்கு என் அறிவு ஆற்றிய பங்கு என்ன என்று கேட்டால், நான் சொன்ன உண்மைகளில் ஒன்றும் உதவவில்லை. தெரியாமல் சொன்ன ஒரே பொய்தான் உதவியது. ஆனால் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில், அந்த இலைக்கொத்தின் வரலாறு, அதன் சட்டம், அதன் நுட்பம் முழுவதையும், பிறந்த நாள் முதல் அறிந்தவனைப் போல ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, வெள்ளை வைனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மேலே நான் அத்தானிடம் தோரணம் என்று சொன்ன இடத்தில், “இல்லையே, அது வேறு ஏதோ அல்லவா” என்று உங்களுக்குள் ஒரு குரல் முணுமுணுத்ததா? அப்படியானால் உங்களுக்குத் தொற்றிவிட்டது. முணுமுணுக்கவில்லையா? அதற்கும் அவசரப்பட்டு நிம்மதி கொள்ளவேண்டாம். இந்தக் கிழமைக்குள் யாரோ ஒருவரிடம், பேச்சுக்கு நடுவே, ஆர்ப் பக்கம் வாசலில் இலைக்கொத்துக் கட்டினால் என்ன கருத்து தெரியுமோ என்று தொடங்கத்தான் போகிறீர்கள். தொடங்கும்போது உங்கள் குரல் கொஞ்சம் தாழும். நாங்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் தொடங்கினோம்.